சின்ன மார்பு எப்போ நோயாச்சு?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு பெண் "எனக்கு இந்த ஆபரேஷன் வேணும்"னு சொன்னா, அந்த ஆசை யாரோடது? அவங்களோடதுதான். அவங்க உடம்பு, அவங்க முடிவு. அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அந்த ஆசை எந்த வழியா வந்துச்சுன்னு தேடிப் பார்த்தா, அதுக்குத் தேதியோட ஒரு வரலாறு இருக்கு.

1962, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். ஆறு குழந்தைகளுக்கு அம்மாவான ஒரு பெண், மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுக்கணும்னு ஏழைகளுக்கான ஒரு மருத்துவமனைக்குப் போறாங்க. அங்கே தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோன்னு ரெண்டு டாக்டர்கள். டவ் கார்னிங் கம்பெனியோட சேர்ந்து, சிலிகோன் ஜெல் நிரப்பின ஒரு பையைத் தயாரா வெச்சிருந்தாங்க. அதுவரைக்கும் ஒரு நாய்க்குத்தான் வெச்சுப் பார்த்திருந்தாங்க. "உங்களுக்கு வைக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. அந்தம்மாவுக்கு இருந்த குறை வேற. காது ரெண்டும் துருத்திக்கிட்டு இருக்கு, அதைச் சரி பண்ணணும். கடைசியில் ரெண்டும் செய்யறதா முடிவாச்சு. உலகத்தின் முதல் சிலிகோன் மார்பக இம்ப்ளான்ட் இப்படித்தான் நடந்தது. பின்னாளில் பேட்டிகளில் அவங்களே இதைச் சொல்லியிருக்காங்க.

அதாவது, பொருள் முதல்ல வந்துச்சு. ஆசையை அப்புறமா கேட்டு வாங்கினாங்க.

ஏன் மார்பு? 1920களில் இதே அமெரிக்காவில் தட்டையான மார்புதான் ஃபேஷன். பெண்கள் துணியால் இறுக்கிக் கட்டி மறைச்சாங்க. முப்பது வருஷத்தில் எல்லாம் தலைகீழ். 1953 டிசம்பரில் மர்லின் மன்றோ படத்தோட பிளேபாய் முதல் இதழ் வருது. 1959இல் பார்பி பொம்மை வருது. உடம்பு மாறல. சினிமாவும் பத்திரிகையும் பொம்மைக் கடையும் காட்டின படம் மாறுச்சு.

இம்ப்ளான்ட் விற்பனை அறுபதுகளிலேயே தொடங்கிடுச்சு. மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது 1976இல்தான். ஏற்கெனவே சந்தையில் இருந்ததால், பாதுகாப்பை நிரூபிக்காமலே விற்பனை தொடர்ந்தது.

இப்போ 1982க்கு வருவோம். அந்த வருஷம் ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, டாக்டர்கள் விளம்பரம் செய்ய அமெரிக்க மருத்துவச் சங்கம் வெச்சிருந்த கட்டுப்பாடுகளுக்கு எதிரான உத்தரவு, உச்ச நீதிமன்றத்தில் 4-4 என்ற வாக்குகளில் நிலைச்சுது. கதவு திறந்தாச்சு. ரெண்டாவது, பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் அரசின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுச்சு. சின்ன மார்பு உண்மையில் ஒரு நோய்தான், சிகிச்சை இல்லாட்டி அந்தப் பெண்ணோட நலம் பாதிக்கப்படும் என்பது அதன் சாரம்.

எங்க ஐடி வேலையில் ஒரு பழைய ஜோக் உண்டு. மாட்டிக்கிட்டா "இது பக் இல்ல, ஃபீச்சர்"னு சமாளிப்போம். இங்கே நடந்தது நேர் எதிர். ஒழுங்கா வேலை செய்யற உடம்பு மேல பக்னு டிக்கெட் போட்டாங்க.

இந்த இம்ப்ளான்ட்டால் நன்மையே இல்லைன்னு சொல்லல. புற்றுநோயால் மார்பை இழந்த பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனா 1992 வாக்கில், வெச்சுக்கிட்டவங்கள்ல பத்தில் எட்டு பேர் அழகுக்காக வெச்சுக்கிட்டவங்க.

ஆசையை வளர்த்த ஊடகமே அப்புறம் பயத்தையும் வளர்த்துச்சு. 1990 டிசம்பரில் சிபிஎஸ் டிவியில் கோனி சங் நடத்தின நிகழ்ச்சியில், இம்ப்ளான்ட்டால் நோய் வந்ததா நம்பின பெண்கள் பேசினாங்க. நாடே பதறுச்சு. 1992இல் அரசு கடுமையான கட்டுப்பாடு போட்டுச்சு. வழக்குகள் குவிஞ்சு, 1995இல் டவ் கார்னிங் திவால் பாதுகாப்பு கேட்டுச்சு. 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை வந்தது. மூட்டு, தசை போன்றவற்றை உடம்பே தாக்கும் நோய்களை சிலிகோன் உண்டாக்குதுன்னு ஆதாரம் இல்ல. ஆனா பை கிழியறது, இறுகிப்போறது, திரும்பத் திரும்ப ஆபரேஷன், இதெல்லாம் நிஜம். இந்தச் சாதாரணச் சிக்கல்களை விளம்பரமும் பெருசா பேசல, பரபரப்புச் செய்தியும் பெருசா பேசல.

2006 நவம்பரில் மறுபடி அனுமதி. அதுக்கு முன்னாடியே டிவி களத்தைத் தயார் பண்ணி வெச்சிருந்தது. 2002இல் 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்', 2004இல் 'தி ஸ்வான்'. இரண்டாவதில் போட்டியாளர்கள் மூணு மாசம் கண்ணாடியே பார்க்கக் கூடாது. ஆபரேஷன்கள் முடிஞ்சு, கேமரா முன்னாடிதான் தங்கள் முகத்தைப் பார்ப்பாங்க. கடைசியில் அழகிப் போட்டி. ஆறுறதுக்கு ஆகும் வலியும் நாட்களும் சில நிமிடக் காட்சியில் முடிஞ்சிடும்.

2021 அக்டோபரில்தான் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டரும் பெண்ணும் உட்கார்ந்து ஒரு பட்டியலை ஒவ்வொண்ணா படிச்சு, கையெழுத்துப் போடணும். இது ஆயுசுக்கும் தாங்கற பொருள் இல்ல என்பதும் அதுல உண்டு. முதல் ஆபரேஷனுக்கும் இந்தப் பட்டியலுக்கும் நடுவில் 59 வருஷம்.

நாளைக்கு உங்க போன்ல மூக்கு, தாடை, இடுப்புன்னு ஏதோ ஒண்ணைக் குறைன்னு ஒரு ரீல் சொல்லும்போது, ரெண்டு கேள்வி கேளுங்க. இதுக்குக் குறைன்னு பேர் வெச்சது யாரு? அவங்ககிட்ட விற்க என்ன இருக்கு? அதுக்கு அப்புறமும் வேணும்னு தோணுச்சா, அது உங்க முடிவு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.