மும்பையும் ஒலிபெருக்கியும்

கச்சேரி நாளன்று மண்டபத்துக்கு முதலில் வந்து சேர்பவர் பாடகரும் அல்லர், சபைக் காரியதரிசியும் அல்லர். தோளில் கம்பிச் சுருளும் கையில் பெட்டியுமாக நுழையும் மைக் செட்காரரே முதல்வர். அவர் பெயர் அழைப்பிதழில் இராது. பாட்டு நன்றாகக் கேட்டால் அவரை எவரும் நினைப்பதில்லை; ஒலிபெருக்கி திடீரென்று கீச்சிட்டால் மட்டும் சபையோர் அத்தனை பேரும் ஒருசேர அவர் பக்கம் திரும்புவர். மும்பைத் தமிழரின் இசை வாழ்வில் இவருக்கும் இவருடைய கருவிகளுக்கும் உள்ள பங்கு சிறிதன்று. ஆயினும், அவ்வரலாற்றை எழுதி வைத்தவர் நம்முள் மிகச் சிலரே.

ஒலிபெருக்கி தோன்றுமுன் குரல் ஒன்றே மூலதனம். கோயில் திருவிழாவுக்கு நாகசுரமும் தவிலும் போதும். அவை தெருக்கோடி வரை தாமே சென்று சேரும். நாடக மேடையிலோ நடிகரே கடைசி வரிசை வரை குரலை எட்டவைத்தாக வேண்டும். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933) உச்ச ஸ்தாயியில் பாடி ஊர்களை மயக்கியது அந்தக் காலத்திலேதான். எட்டாத குரலுக்கு அன்று மேடையில் இடமில்லை.

1915-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் தங்கள் ஒலிபெருக்கியை மக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினர். சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் பெருந்திரள் கூடி அதைக் கேட்டது. நம் நாட்டிற்கு அக்கருவி வந்தது இசைக்காக அன்று; அரசியலுக்காக.

இங்கேதான் நம் நகரம் கதையில் புகுகிறது. கியான்சந்த் மோட்வானி என்பார் 1909-இல் சிந்துப் பகுதியில் தொடங்கிய வாணிகம் பின்னர் பம்பாய்க்குப் பெயர்ந்து, 'சிகாகோ ரேடியோ' என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. அவர் மகன் நானிக் மோட்வானி 1930களில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கிகளைக் கொண்டு சென்று அமைத்துக் கொடுத்தார். காந்தியடிகளும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களை உற்று நோக்குங்கள். மைக்கின் நெற்றியில் அந்தப் பெயர்ப் பலகை தெரியும். காந்தியடிகளின் குரலோ மெல்லியது. லட்சக்கணக்கானோர் அதைக் காதால் கேட்க முடிந்தது என்றால், அதற்கு மூங்கிற் கம்பத்தில் கட்டிய கூம்புக் குழாய்கள் காரணமன்றோ? 1942 ஆகஸ்டு 8-ஆம் நாள் கோவாலியா டேங்க் மைதானத்தில் 'செய் அல்லது செத்து மடி' என்று அவர் உரைத்தபோதும் அக்கருவிகளே அதைத் தாங்கிச் சென்றன.

அவ்வாண்டே பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் மறைவாகக் காங்கிரஸ் வானொலியை நடத்தினர். நவம்பரில் போலீசார் பிடித்து வழக்குத் தொடர்ந்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டோருள் நானிக் மோட்வானியும் ஒருவர். உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறை, மோட்வானி விடுவிக்கப்பட்டார். மைக் செட் வாடகைக்கு விடுவது வெறும் வியாபாரம் என்று எண்ணுவோர் இந்த வழக்கை நினைவிற் கொள்ளல் நன்று.

அரசியல் மேடையில் பழகிய கருவி சங்கீத மேடைக்கு வந்ததும் சங்கீதமே மாறிற்று. இது நன்மையா தீமையா என்று ரசிகர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். உரத்துப் பாட வேண்டிய கட்டாயம் நீங்கவே, சுருதி மெல்லக் கீழிறங்கியது. ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடிய பெண்மணிகள் இறங்கிப் பாடலாயினர். எம். டி. ராமநாதனின் (1923-1984) ஆழ்ந்த மந்தரக் குரல் பெரிய சபையின் பின் வரிசையை எட்டியது மைக் தந்த வரம். வீணையின் மெல்லிய கமகங்களும் அவ்வாறே. ஈமனி சங்கர சாஸ்திரி போன்றோர் வீணையோடு ஒட்டி வைக்கும் மைக்கைக் கையாண்டபோது பழமை விரும்பிகள் முகம் சுளித்தனர். கிட்டப்பா காலத்துத் திறந்த கண்டம் அருகிவிட்டது என்பதும் மெய்யே. எனினும் நான் மைக்கின் கட்சி. எட்டாத குரல்களுக்கும் அது மேடையளித்ததல்லவா?

மாட்டுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிளில், 1952-இல் தோன்றிய ஸ்ரீ ஷண்முகானந்த சபை 1963-இல் ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரும் மண்டபத்தைத் திறந்தது. 1990-இல் தீக்கிரையாகி, அப்பதிற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் எழுந்தது. இத்துணைப் பெரிய மண்டபத்தில் ஒலியமைப்பது எளிதன்று. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டரே செல்லும். கம்பியிலோ கணத்தில் பாயும். மேடைக்கு 34 மீட்டர் அப்பால் ஒரு ஸ்பீக்கரை வைத்தால், அதன் ஒலி முதலிலும் மேடையின் ஒலி பத்தில் ஒரு நொடி பின்னும் வந்து, ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். ஆகவே பின் ஸ்பீக்கரை வேண்டுமென்றே தாமதப்படுத்துவர். தாமதம் ஒரு சிறிது மிகுந்திருந்தால், ஒலி மேடையிலிருந்தே வருவதாகச் செவி நம்பும். 1949-இல் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் இதனை ஆராய்ந்து எழுதினார்.

கீச்சொலியின் காரணமும் எளியதே. ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, மீண்டும் ஸ்பீக்கருக்குச் சென்று, சுற்றிச் சுற்றி வளர்வதுதான் அது. அதைத் தடுக்க மைக்கைப் பாடகரின் வாயருகே வைத்தலும், ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னே நிறுத்துதலும் வழி. ஆனால் பாடகர் தம்மைத் தாமே கேட்க மேடையிலேயே ஒரு ஸ்பீக்கர் வேண்டுகிறார். பிடில்காரர் தமக்கு ஒன்று வேண்டுகிறார். மிருதங்க வித்துவான் விரலை உயர்த்தி 'இன்னும் கொஞ்சம்' என்கிறார். ஒருவருக்குக் கூட்டினால் அடுத்தவருக்குக் குறை. அந்த உயர்த்திய விரலை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதற்கு விடைசொல்லும் மனிதரைத்தான் கண்டதில்லை. மேலும், மாலை நான்கு மணிக்குக் காலி மண்டபத்தில் சரிபார்த்த ஒலி, ஆறரை மணிக்குப் பட்டுப்புடவைகளும் வேட்டிகளும் நிறைந்தபின் அவ்வாறே இராது. துணியும் உடலும் ஒலியை உறிஞ்சிவிடும். இதைக் கணித்து முன்கூட்டியே இடமளிப்பவரே கைதேர்ந்தவர்.

சட்டமும் இத்தொழிலைத் தொட்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. மூடிய மண்டபங்களுக்கு விலக்குண்டு. ஆண்டில் பதினைந்து நாள் வரை நள்ளிரவு மட்டும் அரசு இசைவளிக்கலாம். ஆதலின் செம்பூரின் மண்டபக் கச்சேரிக்கு இல்லாத தொல்லை தாராவியின் தெருப்பந்தலுக்கு உண்டு. அயலாரின் உறக்கமும் நியாயமே. ஆனால் மண்டபம் பெறும் வசதி இல்லாதவர்க்குப் பந்தல்தானே மண்டபம்!

சில ஆண்டுகட்கு முன் நம் ஆண்டு விழாவில், ராகம் நடுவிலிருக்கும்போது மின்சாரம் நின்றது. வித்துவான் நிறுத்தவில்லை. பின் வரிசையினர் ஓசையின்றி எழுந்து முன்னே வந்து தரையில் அமர்ந்தனர். தம்புரா உண்மையிலே எவ்வளவு மெல்லியது என்று எங்களுட் பலர் அன்றே அறிந்தோம். விளக்கு வந்ததும் மைக் செட்காரர் ஒலியை உடனே உயர்த்தவில்லை. ராகம் முடியுமளவும் விரலைக் கட்டையில் வைத்தபடியே காத்திருந்து, பாட்டு தொடங்கும்போது மெல்ல ஏற்றினார்.

இவ்வாண்டு மண்டபத்தை அவருக்காக இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறந்து வைக்குமாறு செயற்குழுவை வேண்டியிருக்கிறேன்.