கம்பம் ஏறிய கம்பி: தருமபுரி மாவட்டத்தில் செம்பு இணையம் கண்ணாடி இழைக்கு மாறிய வரலாறு

2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. தொலைபேசி எண்களுக்கு மட்டும் அந்தப் பிரிவினை இன்றும் தெரியாது. தருமபுரி 04342, கிருஷ்ணகிரி 04343, ஓசூர் 04344, அரூர் 04346, பாலக்கோடு 04348 என்று, 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த பழைய பெரிய மாவட்டம் எண்வரிசையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எஸ்.டி.டி. குறியீடு என்பது, எந்த ஊர்ச் செம்புக் கம்பி எந்த வட்டாரத்து எக்ஸ்சேஞ்சில் போய்ச் சேருகிறது என்று காட்டும் வரைபடம். வீட்டு இணையம் முதலில் ஏறியது அந்த வரைபடத்தின் மேல்தான். அது எட்டாமல் விட்ட இடங்கள்தான் பின்னால் கண்ணாடி இழைக்கு வழிவிட்டன.

செம்பை ஃபைபர் வென்றது வேகத்தால் என்பது வழக்கமான விளக்கம். பெருநகரத்துக்கு அது பொருந்தலாம். தருமபுரிக்கு அது பாதிக் கதை. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம், கம்பியைப் பராமரிக்கும் ஆள், கம்பி போகும் பாதை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து மாறியதே இங்கே நடந்த மாற்றம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எக்ஸ்சேஞ்சும் கொட்டாய்களும்

தருமபுரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,497 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15,06,843. நூற்றுக்கு 82 பேருக்கு மேல் கிராமவாசிகள். ஊராட்சிகள் 251. தொப்பூர்க் கணவாய், வத்தல்மலை, சித்தேரி மலை, பென்னாகரம் காடுகள் என்று மேடும் பாறையுமான நிலம். ஊர் என்று ஒன்று இருந்தாலும், குடும்பங்கள் பல அவரவர் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வாழும். அந்தச் சிறு குடியிருப்புக்கு இந்தப் பக்கத்தில் ‘கொட்டாய்’ என்று பெயர். எக்ஸ்சேஞ்சை நடுவில் வைத்துச் சுற்றிலும் கம்பி இழுக்கும் ஏற்பாட்டுக்கு இத்தகைய குடியிருப்பு முறை தொடக்கத்திலிருந்தே இடைஞ்சல்.

கிராமத்துக்குத் தொலைபேசி வர முதலில் எக்ஸ்சேஞ்ச் சிறிதாக வேண்டியிருந்தது. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் 128 இணைப்புகள் கொண்ட கிராமப்புறத் தானியங்கி எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. குளிர்சாதனம் இல்லாத அறையிலும், வெயிலிலும் தூசியிலும் ஓடக்கூடியது அது. கர்நாடகத்தின் கித்தூரில் 1986இல் முதலாவது நிறுவப்பட்டது. அந்த வகை எந்திரங்கள்தான் நாடெங்கும் கிராமங்களை எஸ்.டி.டி. வலைக்குள் கொண்டுவந்தன.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை செம்பின் பயணம் படிப்படியானது. எல்லாக் கம்பிகளும் சேரும் எம்.டி.எஃப். அறையிலிருந்து தடித்த கேபிள் மண்ணுக்கடியில் போய்ச் சாலையோர ‘பில்லர்’ பெட்டியில் பிரியும். அங்கிருந்து மெல்லிய கேபிள் டி.பி. எனும் விநியோகப் பெட்டிக்கு, டி.பி.யிலிருந்து டிராப் வயர் வீட்டுக்கு. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஜாயின்ட். அந்த ஜாயின்ட்டுகள் எங்கே புதைந்திருக்கின்றன என்பது பல இடங்களில் வரைபடத்தைவிட லைன்மேனின் ஞாபகத்தில்தான் பத்திரமாக இருந்தது.

ஒரு ஜோடிக் கம்பியில் இரண்டு வேலை

2000 அக்டோபர் 1 அன்று அரசுத் தொலைபேசி நிறுவனமான பி.எஸ்.என்.எல். உருவானது. 2004இல் வந்த பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லின் ‘டேட்டாஒன்’ சேவை தொடங்கியது. புதிதாகக் கம்பி எதுவும் இழுக்கவில்லை. மனிதக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். அதற்கு மேலுள்ள அலைவரிசைகள் அதே செம்பில் சும்மா கிடந்தன. அவற்றில் இணையத்தை ஏற்றியது ஏ.டி.எஸ்.எல். நுட்பம். வீட்டில் குரலையும் இணையத்தையும் பிரிக்க ஒரு ஸ்பிளிட்டர், ஒரு மோடம். பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம்.

ஆனால் செம்பில் தூரம் கூடக் கூடச் சிக்னல் தேயும். ஏ.டி.எஸ்.எல்.2+ முறையில் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் 24 மெகாபிட் வரை எதிர்பார்க்கலாம். 5 கிலோமீட்டர் தாண்டினால் ஒன்றிரண்டு மெகாபிட் நின்றாலே பெரிது. தருமபுரி நகரத்துத் தெருக்களுக்கு இது குறையாகத் தெரியாது. ஊரிலிருந்து விலகி நிற்கும் கொட்டாய்க்கு, போன் ஒலிக்கும், பிராட்பேண்ட் வராது.

இந்தத் தூரத்தைக் கம்பியில்லாமல் கடக்கும் முயற்சியும் தமிழ்நாட்டில் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய ‘கார்டெக்ட்’ மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு 2000களின் தொடக்கத்தில் இணையம் கொடுத்தது. அதன் வேகம் 35 அல்லது 70 கிலோபிட். மின்னஞ்சலுக்குப் போதுமானது, வீடியோ யுகத்துக்கு ஈடுகொடுக்காது.

ஆள் குறைந்த கம்பி

நாட்டில் தரைவழி இணைப்புகள் 2005–06 வாக்கில் ஏறத்தாழ 5 கோடியைத் தொட்டன. பிறகு செல்போன் வந்து அடித்துக்கொண்டு போனது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையைத் தொடங்கி 4ஜி டேட்டாவை மலிவாக்கியபோது, செம்பை வைத்திருக்க மிஞ்சியிருந்த காரணமும் பல வீடுகளில் போய்விட்டது. 2020 வாக்கில் எண்ணிக்கை 2 கோடி அளவுக்கு இறங்கியது.

இறக்கத்தில் செலவுதான் இறங்கவில்லை. நூறு இணைப்புக்குப் போட்ட கேபிளில் பத்துப் பேர் மிஞ்சினாலும் அதே நீளத்தைப் பராமரித்தாக வேண்டும். சாலை அகலப்படுத்தும்போதும் குடிநீர்க் குழாய் பதிக்கும்போதும் மண்வெட்டும் எந்திரத்துக்குக் கேபிள் எங்கே என்று தெரியாது. மழைநீர் இறங்கிய ஜாயின்ட்டில் குரல் கரகரக்கும். மோடம் விட்டுவிட்டு வேலை செய்யும். இதற்கு மருந்து ஆள்தான். விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 பேர் நாடு முழுவதும் பி.எஸ்.என்.எல்.லை விட்டு வெளியேறினர். ஊழியரில் ஏறத்தாழப் பாதி. ஜாயின்ட் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் பலர் அவர்களோடு போயினர்.

இரண்டே மாதத்தில் கொரோனா ஊரடங்கு. பள்ளிப் பாடமும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தன. பெங்களூரு வேலையை மடிக்கணினியோடு சொந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்களுக்குச் செல்போன் டவர் மட்டும் போதவில்லை. செம்பைத் தாங்கிய கைகள் குறைந்த அதே வேளையில் வீட்டு இணைப்பின் தேவை ஏறியது. ஃபைபர் கிராமத்துக்குள் வேகமாக நுழைந்த காலமாக இதைக் கொள்ளலாம்.

மண்ணிலிருந்து கம்பத்துக்கு

கண்ணாடி இழை இந்தியாவுக்குப் புதிதல்ல. 1979இலேயே புனேயில் எக்ஸ்சேஞ்சுகளை இணைக்க அது பயன்பட்டது. ஆண்டுக்கணக்கில் அது எக்ஸ்சேஞ்ச் வரை வந்து நின்றுகொண்டது. மிச்சத் தூரம் செம்பின் பொறுப்பு. அந்த எல்லையை ஊராட்சிக்குத் தள்ளிய மத்திய அரசுத் திட்டம், 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, பின்னர் ‘பாரத்நெட்’ எனப் பெயர் மாறியது. இரண்டாம் கட்டத்தைத் தமிழ்நாட்டில் மாநில அரசே ஏற்றது. 2018இல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம், சுருக்கமாக ‘டான்ஃபிநெட்’, அமைந்தது. 2020இல் டெண்டர் சர்ச்சைக்குள்ளாகி ரத்தானது. 2022 ஜூன் 9 அன்று கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பணி தொடங்கியது. இலக்கு 12,525 ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் 1 ஜிகாபிட்.

கம்பி எப்படிப் போகிறது என்பதில்தான் பெரிய திருப்பம். பாரத்நெட் முதற்கட்டத்தில் 1.65 மீட்டர் ஆழக் குழி என்பது விதி. தருமபுரி போன்ற பாறை நிலத்தில் அந்த ஆழம் என்பது கல்லுடைக்கும் வேலை. டான்ஃபிநெட் திட்டத்தில் 85 விழுக்காடு கம்பி மின்கம்பங்கள் வழியே, 15 விழுக்காடு மட்டுமே மண்ணுக்கடியில். கொட்டாய்க்கு இணையம் போகாமல் இருந்திருக்கலாம், கரண்ட் போயிருந்தது. மின்வாரியம் பல்லாண்டுகளாக நட்ட கம்பங்கள் ஃபைபருக்குக் கிடைத்த ஆயத்தப் பாதை.

ஊராட்சிக் கட்டடத்தில் பெட்டி வைத்துவிட்டால் வீட்டுக்கு இணையம் வந்துவிடாது. அந்த மிச்சத் தூரத்தைப் பெரும்பாலும் கடந்தவர் கேபிள் டி.வி. ஆபரேட்டர். தெருவும் கம்பமும் தெரிந்தவர். மாதாமாதம் வீட்டு வாசலில் நின்று பணம் வாங்கிப் பழகியவர். பி.எஸ்.என்.எல்.லும் உள்ளூர்க் கூட்டாளிகளை அமர்த்தி, இழை இழுத்து இணைப்புக் கொடுப்பவருக்கு வருவாயில் பங்கு என்ற முறைக்கு மாறியது. துறை ஊழியரான லைன்மேன் இருந்த இடத்தில் ஊர்க்காரச் சிறுமுதலாளி வந்து நின்றார்.

பாதை மாறினால் பழுதும் மாறும். பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவு ஆலைகளுக்கு உயரமாக ஏற்றிப் போகும் கரும்பு லோடு, தாழத் தொங்கும் கம்பியை இழுத்துவிடலாம். காற்றில் முறிந்த கிளை அறுத்துவிடலாம். ஆனால் மேலே அறுந்தது கண்ணுக்குத் தெரியும். எங்கே தோண்டுவது என்ற கேள்வி இல்லை.

ஐந்து நிறங்கள்

ஃபைபர் ஜாயின்ட் போடுவதை ஒருமுறை பார்த்தால் பழையதும் புதியதும் சந்திக்கும் இடம் தெரியும். இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் நேராக வெட்டுகிறார்கள். கையில் இருப்பது 125 மைக்ரான் கண்ணாடி. அதன் நடுவே ஒளி போகும் பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான். இரண்டு முனைகளையும் ஸ்பிளைசிங் மெஷினில் வைத்தால் திரையில் பெரிதாகி நேருக்கு நேர் வந்து நிற்கும், ஒரு மின்பொறி, ஒட்டிவிடும். ஆனால் எந்த இழையை எதோடு சேர்ப்பது என்ற வரிசை செம்புக் காலத்தது: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். செம்பு ஜோடிகளை எண்ணப் பழகிய கண்ணுக்கு முதல் ஐந்து இழைகளில் குழப்பமே வராது.

தூரக் கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது. ஜிபான் எனும் ஃபைபர் பகிர்வு முறையில் ஒரு இழையில் இறங்கும் 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. இழையில் 20 கிலோமீட்டர் போனாலும் ஒளி இழப்பது ஏறத்தாழ 7 டெசிபெல். அந்த ஒளியை 32ஆகப் பிரிக்கும் சின்ன ஸ்பிளிட்டரோ 17 டெசிபெல் வரை தின்றுவிடும். செம்புக்குத் தூரம் எதிரி. ஃபைபருக்குப் பங்குதான் செலவு. சிதறிக்கிடக்கும் கொட்டாய்கள் நிறைந்த மாவட்டத்துக்கு இந்த மாற்றம் மெகாபிட் எண்ணிக்கையைவிட முக்கியமானது.

நாள் குறித்தவர்களும் குறிக்காதவர்களும்

ஸ்பெயினின் தொலைபேசி நிறுவனமான டெலிஃபோனிகா, செம்பு எக்ஸ்சேஞ்சுகளை மூட 2024 ஏப்ரலில் வந்த தன் நூற்றாண்டு நாளைக் குறித்தது. பிரிட்டன் பழைய தொலைபேசி வலையை நிறுத்த 2025 டிசம்பர் என்று குறித்து, பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளியது. தள்ளியதற்கு ஒரு பெரிய காரணம், அவசர அழைப்புக் கருவியை நம்பி வாழும் முதியவர்கள். செம்புப் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபரில் வீட்டுப் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். அதனால் ஆபத்து நேரத்தில் கூப்பிடத் தரைவழிப் போனை மட்டுமே நம்பியிருப்போருக்கு, குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கும் மாற்றேற்பாட்டை நிறுவனங்கள் தர வேண்டும் என்று பிரிட்டனின் ஒழுங்குமுறை ஆணையம் ஆஃப்காம் கேட்டது.

இந்தியாவில் மாற்றம் இணைப்பு இணைப்பாக நடக்கிறது. மின்சாரப் பொறுப்பும் சந்தடியின்றி வீட்டுக்காரர் தலையில் ஏறிவிட்டது. டி.வி. ஸ்டாண்டின் ஓரத்தில், ரவுட்டருக்குப் பக்கத்தில், உள்ளங்கையளவு 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று பச்சை விளக்கோடு இருக்கும். ஃபைபர் பெட்டியின் பின்புறத்தில் பழைய போனைச் செருக ஒரு துளை உண்டு. பழைய எண்ணை விடாமல் மாற்றிக்கொண்ட வீட்டில் அந்தப் போன் ஒலிக்கும்போது, வெளியூர்க்காரர் அழுத்துவது அதே 04342தான். அழைப்பு வருவது மின்கம்பம் ஏறிய இழையில்.