அர்பத்நாட் கம்பெனியின் அடைத்த கதவு

தருமபுரி, சேலம் ஜில்லாவின் வடபால் ஒரு தாலுகாவாக இருந்த காலத்தில், பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு சேர்ப்பதற்கு வழி வேண்டுமென்று மொரப்பூரிலிருந்து நம்மூர் வரைக்கும் சிறிய இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டு, 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதிலே வண்டி ஓடத் தொடங்கிய வரலாற்றைச் சென்ற இதழில் சொன்னேன். ராகியையும் புளியையும் நம்பி வாழ்ந்த இந்த வறண்ட பூமிக்குப் பட்டணத்துச் சேதி முன்னைவிட விரைவில் வந்து சேர அந்தச் சிறிய ரயில் வழி செய்தது. வழி பிறந்த அவ்வாண்டிலேயே, அக்டோபர் மாத இறுதியில், ராஜதானி முழுவதையும் திடுக்கிடச் செய்த ஒரு துர்ச்செய்தியும் பட்டணத்திலிருந்து புறப்பட்டது. 1906 அக்டோபர் 22ஆம் தேதி, திங்கட்கிழமையன்று, சென்னைக் கடற்கரையில் அர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்துவிட்டது.

பாரி, பின்னி, அர்பத்நாட் என்ற மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகளும் அக்காலச் சென்னை வர்த்தகத்தின் மூன்று தூண்கள் என்று சொல்லத்தக்கவை. அம்மூன்றிலும் உறுதியானது அர்பத்நாட் என்பதே ஜனங்களின் எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய நூறாண்டுக் காலம் ஏற்றுமதி இறக்குமதி வியாபாரத்தோடு பாங்குத் தொழிலையும் நடத்தி வந்த அந்தக் கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட், அரசாங்கத்தாரின் சர் பட்டம் பெற்றவர். பட்டணத்துப் பெரிய மனிதர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். தபாலாபீஸ் சேமிப்புக்குக் கிடைத்ததைக் காட்டிலும் சற்றுக் கூடுதலான வட்டியும், வெள்ளைக்காரன் சொன்ன சொல் தவறமாட்டான் என்று அந்நாளில் வேரூன்றியிருந்த விசுவாசமும் ஒன்றுசேர, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும், புருஷனை இழந்து பிள்ளைகளின் படிப்புக்கென்று நாலு காசு ஒதுக்கிவைத்த ஸ்திரீகளும், வக்கீல்களும், குமாஸ்தாக்களும், ஜமீன்தார்களும் தங்கள் பணத்தை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். கம்பெனியின் கணக்கைப் பார்க்க வேண்டுமென்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்க்க நினைத்திருந்தாலும் சட்டம் அவர்களுக்குத் துணை நின்றிராது. கூட்டாளிகள் சிலர் நடத்தும் வியாபாரம் என்ற அளவில், வரவு செலவை ஊரறிய வெளியிடும் கடமை அதற்கு இருந்ததில்லை.

அந்தப் பணம் எங்கே போயிற்று? லண்டன் மாநகரில் இந்தக் கம்பெனியோடு பிணைந்த வியாபார ஸ்தாபனம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் பாட்ரிக் மக்ஃபேடியன் என்பவர். கும்பகோணத்திலும் சேலத்திலும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த சேமிப்பெல்லாம் கடல் கடந்து, தேசாந்தரங்களில் நடந்த ஊக வியாபாரங்களில் இறங்கிக் கரைந்து போனதை, இறங்கியவர்கள் அறிந்திருந்தார்கள், கொடுத்தவர்கள் அறியவில்லை. நெருக்கடி முற்றியபோது மக்ஃபேடியன் லண்டனில் ஓடும் ரயிலின் முன் விழுந்து மாண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் ஹைகோர்ட்டில் திவால் மனு கொடுத்தார். நம் பக்கத்துச் சந்தைகளில் கடன்பட்டவன் கை விரித்தால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று இன்றும் சொல்லுகிறோமல்லவா, அதையே ஒரு சர் பட்டக்காரர், ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட கடனுக்குச் செய்தார்.

அப்போது எழுந்த கோபத்தின் இயல்பைச் சரியாக உணரவேண்டும். நஷ்டம் வியாபாரத்தில் சகஜம். புயலில் கப்பல் முழுகினால் சரக்குக்காரன் அழுவானேயொழிய மாலுமியைச் சபிக்கமாட்டான். ஆனால், கப்பல் ஓட்டையென்று தெரிந்திருந்தும் கடைசி நாள் வரையில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டே இருந்தவனை எந்தத் தர்மத்தின்படி மன்னிப்பது? கம்பெனி உள்ளே உளுத்துப்போயிருந்த நிலையிலும் புதிய வைப்புகளை வாங்கி வந்தது என்ற செய்திதான், ஏமாந்தவர்களின் துக்கத்தை ஆத்திரமாக மாற்றியது. அதற்கு முந்திய ஆண்டில் வங்காளம் பிளக்கப்பட்டதனால் மூண்டிருந்த சுதேசி உணர்ச்சியின் நடுவே இது நிகழ்ந்தமையால், அவ்வாத்திரம் ஒரு கம்பெனியின் வாசலோடு நின்றுவிடவில்லை. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியதும் அதே 1906தான் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னாளில் நம் பாப்பாரப்பட்டியில் வந்து தங்கி, 1925இல் அங்கேயே உயிர் நீத்த சுப்பிரமணிய சிவா, அந்தச் சிதம்பரம் பிள்ளையோடு சேர்ந்து சிறை புகுந்தவர்தான்.

கோபம் கல்லெறிவதோடு தணிந்துபோகாமல் காரியமாகத் திரண்டதற்கு ஒரு மனிதரை முக்கியமாகச் சொல்லவேண்டும். திருவிடைமருதூரில் பிறந்து, சென்னையில் வக்கீல் தொழிலில் பெரும்புகழ் ஈட்டிய வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதக் கட்சியைச் சேர்ந்தவர்; ஆங்கிலேய ஆட்சியை அடியோடு வெறுத்தவரல்லர். அப்படிப்பட்டவரே பணம் போட்டவர்களின் பக்கம் நின்று அந்தத் திவால் வழக்கை விடாது நடத்தினார் என்பதுதான் அந்நிகழ்ச்சியின் கனத்தைக் காட்டுகிறது. வழக்கு திவாலோடு முடியவில்லை. சர் ஜார்ஜ் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டு, மோசடிக் குற்றம் ருசுவாகி, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். சுதேசிகளின் பணத்தை மோசம் செய்ததற்காகப் பட்டம் பெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் சிறைக்குச் சென்றது அந்நாளில் எளிதாக நடந்துவிடக்கூடிய காரியமன்று.

இங்கே இன்னொரு வழக்கு நினைவுக்கு வருகிறது. 1792 முதல் ஏழாண்டுக் காலம் பாராமகாலில் பணியாற்றி, தருமபுரியில் வாழ்ந்து தோட்டம் வளர்த்த தாமஸ் மன்ரோ துரையின் சொந்த ஊர் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பாங்கு ஒன்று 1878இல் முறிந்து, பங்கு வைத்திருந்த குடும்பங்களின் வீடுவாசல் முதலாகக் கடனுக்குப் போனபோது, பொய்க்கணக்குக் காட்டிய டைரக்டர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் அதிகபட்சத் தண்டனை பெற்றவர்களுக்கும் 18 மாதமே. ஆயுள் முழுவதும் சேர்த்ததை இழந்த ஒரு விதவையின் கஷ்டத்துக்கு நேராக இதை வைத்து நிறுத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும்? தண்டனை போதாது என்பதே என் அபிப்பிராயம். சென்னையிலும் அப்படித்தான்.

ஆனாலும் கிருஷ்ணசாமி ஐயர் தண்டனையோடு திருப்தியடைந்தவரல்லர். நம் பணத்தை நம்மவரே காக்கும் பாங்கு வேண்டுமென்று முனைந்து, நாட்டுக்கோட்டை நகரத்தார் தனவந்தர்களின் ஆதரவைத் திரட்டி, 1907 மார்ச் 5ஆம் தேதி இந்தியன் பாங்கைப் பதிவு செய்வித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 15இல் அது வியாபாரத்தைத் தொடங்கியது. மிதவாதியான அவரே, தீவிரவாதியான பாரதியாரின் தேசியப் பாடல்களில் மனமுருகி, 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியதும் அதே 1907இல்தான். அர்பத்நாட் கம்பெனி இருந்த இடம் பிற்காலத்தில் இந்தியன் பாங்குக்கே வந்து சேர்ந்தது. அவ்விடம் இருக்கும் சாலைக்கு இன்று ராஜாஜி சாலை என்று பெயர். பெயருக்குரியவரோ ஒரு காலத்தில் நம் ஜில்லாவுக்குள் அடங்கியிருந்த தொரப்பள்ளியில் பிறந்தவர்.

அதன் பிறகு பாங்குகள் முறியாமல் இருக்கவில்லை. 1938இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலன் பாங்கும், 1960இல் பாலை சென்ட்ரல் பாங்கும் வீழ்ந்தன. ஒவ்வொரு வீழ்ச்சியிலும் அடைத்த கதவின் முன் அதே கூட்டம், அதே கதறல். 1962 ஜனவரியில்தான் வைப்புகளுக்குக் காப்பீடு ஏற்பட்டது, அதுவும் முதலில் 1,500 ரூபாய் வரைக்கும்; இன்று அது 5 லட்சம். பாங்கு என்ற பெயரில்லாத பைனான்ஸ் கம்பெனிகள் தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களைச் சூறையாடிய பின்னர், 1997இல் முதலீட்டாளர்களைக் காக்கத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது.

1906இன் கோபத்தில் பிறந்த பாங்கு நம் மண்ணுக்கு வந்த கதையையும் சொல்லவேண்டும். 1989இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, பெண்களைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்துச் சேமிக்கச் செய்து கடன் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியபோது, அதற்கு முதலில் தேர்ந்தெடுத்த ஜில்லா தருமபுரி. கடன் கொடுக்க முன்வந்தது இந்தியன் பாங்கு. கந்துவட்டிக்காரனைத் தவிர வேறு கதியறியாத நம் பெண்கள், தாங்களே கணக்கெழுதி, மாதந்தோறும் கூட்டத்தில் உரக்கப் படித்து, ஒவ்வொரு ரூபாயும் யாரிடம் இருக்கிறது என்று எல்லோரும் அறியச் செய்தார்கள். அர்பத்நாட் கம்பெனியில் பணம் போட்ட வக்கீல்களும் ஜமீன்தார்களும் ஒருநாளும் பார்த்திராத கணக்கு அது.

தங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில் அர்பத்நாட் கம்பெனியின் ரசீதோ கடிதமோ வைத்திருக்கும் தருமபுரி, சேலம் பகுதி வாசகர்கள் அதைக் கறையானுக்கு விட்டுவிடாமல், ஒரு பிரதி எடுத்து இத்தொடருக்கு அனுப்பி உதவ வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.