கையைக் கொடுத்துக் கற்ற தொழில்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்பத்திரிகளின் நிலவறைகளில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு அமர்ந்தவர்கள், நோயாளியை உள்ளே அழைப்பதற்கு முன்னால், விளக்கை அணைத்து, மின்சாரத்தை முடுக்கி, கண்ணாடிக் குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவே தங்கள் கையையே நீட்டி, எலும்பு எவ்வளவு கருமையாகத் தெரிகிறது, அதைச் சூழ்ந்த சதை எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று உற்றுநோக்கி, அன்றைக்குக் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நிதானித்துக் கொண்டார்கள். அந்தத் தொழிலின் முதல் அளவுகருவி, அதைச் செய்தவனுடைய கை. பிற்காலத்தில் அது நூல்களும் பரீட்சைகளும் சங்கங்களும் உடைய ஒரு வித்தையாக வளர்ந்த சரித்திரம் முழுவதையும், அந்தக் கையைக் கிரணங்களின் பாதையிலிருந்து சிறிது சிறிதாக விலக்கிய சரித்திரம் என்றே நான் கருதுகிறேன்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி மாலை, ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்துப் பரிசோதனைச் சாலையில், கறுப்பு அட்டையால் மூடிய குழாயிலிருந்து புறப்பட்ட ஏதோ ஒன்று தூரத்திலிருந்த ரசாயனத் திரையை ஒளிரச் செய்ததை வில்ஹெல்ம் ராண்ட்ஜன் கண்டார். டிசம்பர் 22-ஆம் தேதி அவர் தம் மனைவி பெர்த்தாவின் கையைச் சுமார் கால் மணி நேரம் தட்டின்மேல் அசையாமல் வைத்திருக்கச் செய்து, மோதிரமும் எலும்புகளுமாகப் பதிந்த அந்தப் பிரசித்தி பெற்ற படத்தை எடுத்தார். தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை. அதனால் தூண்டுசுருளும் காற்று நீக்கிய குழாயும் வைத்திருந்த எவரும் அடுத்த சில வாரங்களிலேயே அதைச் செய்து பார்க்க முடிந்தது. புகைப்படக்காரர்களும், மின்சார வேலை தெரிந்தவர்களும், மருந்து கலப்பவர்களும், தாதிகளும், ஆர்வம் மிக்க வைத்தியர்களும் ஒருசேர இந்தத் தொழிலில் புகுந்தார்கள். கற்றுக் கொடுப்பார் எவரும் இல்லை. செய்தவர்களே மாணாக்கர், செய்தவர்களே ஆசிரியர்.

கையை ஏன் நீட்ட வேண்டியிருந்தது என்பதைச் சற்று விளக்கவேண்டும். அக்காலத்துக் குழாய்களுக்குள் மிகச் சொற்பமான அளவில் வாயு எஞ்சியிருந்தது. மின்சாரம் பாய்வதற்கே அது அவசியம். குழாயை உபயோகிக்க உபயோகிக்க அந்த வாயுவைக் கண்ணாடிச் சுவர் உட்கொண்டுவிட, கிரணங்களின் ஊடுருவும் வலிமை நாளுக்கு நாள் ஏறும். புதிய குழாயின் கிரணங்கள் மென்மையானவை. தொடையின் சதையைத் தாண்டவே சக்தியற்றவை. பழைய குழாயின் கிரணங்களோ கடுமையானவை. எலும்பு, சதை என்ற பேதமில்லாமல் எல்லாவற்றையும் துளைத்துச் சென்று, படம் முழுவதையும் ஒரே சாம்பல் நிறமாக்கிவிடும். கடுமை ஏறிய குழாயைச் சாராய விளக்கால் இளஞ்சூடு காட்டி, உட்கொண்ட வாயுவைக் கொஞ்சம் வெளிவிடச் செய்து, மறுபடி வேலைக்குப் பழக்குவார்கள். கைக்கு ஒரு குழாய், மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்திருந்து, ஒவ்வொன்றின் குணத்தையும் அறிந்திருந்தவனே தேர்ந்தவன் எனப்பட்டான். இதையெல்லாம் காட்டக்கூடிய முள்ளோ எண்ணோ எந்த இயந்திரத்திலும் இல்லாத காலத்தில், தன் கையின் நிழலைத் தவிர அவனுக்கு வேறு ஆதாரம் ஏது? இறந்தவர் ஒருவருடைய கையெலும்பைச் சட்டத்தில் பொருத்தி அதைக் கொண்டு சோதிக்கும் யுக்தியும் பின்னர் வந்ததுதான். ஆனால் தன் கை எப்போதும் தன்னிடம் இருந்தது. அது சுலபமாகவும் இருந்தது.

அதற்குக் கொடுத்த விலையை எண்ணும்போது மனம் நடுங்குகிறது. நியூ ஜெர்சியில் தாமஸ் எடிசனுடைய பரிசோதனைச் சாலையில் கண்ணாடி ஊதும் தொழிலாளியாக இருந்த கிளாரன்ஸ் டாலி, குழாய்களைச் சோதிப்பதற்கு இடது கையை உபயோகித்து, அது வெந்து புண்ணானபின் வலது கையை உபயோகித்தார். இறுதியில் இரண்டு கைகளையுமே வெட்டி நீக்க நேர்ந்தது. அவர் 1904-இல் மாண்டார். எடிசன் அதன்பின் அந்த ஆராய்ச்சியைத் தொடவேயில்லை. சான்பிரான்ஸிஸ்கோவில் கணக்கெழுதும் உத்தியோகத்தை விட்டுவிட்டு எக்ஸ்ரே நிலையம் தொடங்கி, பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து காயத்தோடு திரும்பிய போர்வீரர்களின் உடலில் குண்டுகள் பதிந்த இடங்களை அபூர்வமான தெளிவோடு காட்டிய எலிஸபெத் பிளைஷ்மன், 1905-இல் ஒரு கையை இழந்து, அவ்வாண்டிலேயே உயிரையும் இழந்தார். பர்மிங்ஹாமில் ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் என்ற வைத்தியர் 1896 பிப்ரவரியிலேயே அறுவைச் சிகிச்சைக்கு வழிகாட்டப் படம் எடுத்துக் கொடுத்தவர். 1908-இல் அவருடைய இடது கை போயிற்று, வலது கையிலும் நான்கு விரல்கள் போயின. இத்தனைக்கும், எச்சரித்தவர் இல்லை என்று சொல்வதற்கில்லை. பாஸ்டன் நகரத்துப் பல் வைத்தியர் வில்லியம் ராலின்ஸ், இந்தக் கிரணங்கள் கினிப்பன்றிகளைக் கொல்லக்கூடியவை என்று 1901-லேயே நிரூபித்து, குழாயை ஈயப் பெட்டிக்குள் அடைத்து, வேண்டிய அளவு துவாரத்தின் வழியாக மட்டும் கிரணத்தை வெளியே விடவேண்டும் என்று எழுதினார். அவருடைய வார்த்தையைச் செவிமடுத்தவர் சிலரே.

போர்க்களங்கள் இந்தத் தொழிலை வேறொரு விதத்தில் சோதித்தன. 1897-98-இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த திரா படையெடுப்பின்போது, ராணுவ வைத்தியர் பீவர் தம்முடைய சொந்தக் கருவிகளையே மலைப்பாதைகளில் சுமந்து சென்று, வீரர்களின் உடலில் தங்கியிருந்த குண்டுகளைத் தேடினார். 1898-இல் சூடானில் நைல் நதிக்கரையில் முகாமிட்ட மேஜர் பாட்டர்ஸ்பிக்கு மின்சாரமே கிடைக்கவில்லை. இருவர் ஏறி மிதிக்கும் சைக்கிளின் சக்கரத்தோடு டைனமோவைப் பிணைத்து, சிப்பாய்கள் வியர்வை சிந்த மிதித்து உண்டாக்கிய மின்சாரத்தைக் கொண்டு அவர் படம் எடுத்தார். படம் எடுப்பவன் மின்சாரத்தையும் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது.

இந்தத் தொழிலுக்கு முதன்முதலாக ஒழுங்கான கல்வி ஒன்றை வகுத்த பெருமையில் பெரும்பங்கு மேரி கியூரி அம்மையாரைச் சாரும். 1914-இல் உலகப் போர் மூண்டதும், அவர் மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே கருவியைப் பொருத்தி, அவ்வண்டிகளின் இயந்திரத்தைக் கொண்டே டைனமோவை ஓட்டி, போர்முனைக்குப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு சென்றார். 17 வயது நிரம்பிய மகள் ஐரீனும் உடன் சென்றாள். அத்தகைய வண்டிகள் சுமார் 20. நிலையாக அமைத்த அறைகள் சுமார் 200. கருவிகளைக் காட்டிலும் கையாள ஆள் கிடைப்பதே அரிதாக இருந்ததால், அவர் பாரிஸில் சுமார் 150 பெண்களுக்கு மின்சார சாஸ்திரமும் கிரணங்களின் இயல்பும் உடற்கூறும் போதித்து அனுப்பினார். குண்டு இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்றும் சொல்லவேண்டும். குழாயை ஓரிடத்தில் வைத்து ஒரு படமும், அளந்த தூரம் நகர்த்தி மற்றொரு படமும் எடுத்து, நிழல் எவ்வளவு பெயர்ந்தது என்பதிலிருந்து முக்கோணக் கணிதத்தால் ஆழத்தைக் கண்டு, தோலின்மேல் குறியிட்டுக் கொடுத்தார்கள் அந்தப் பெண்கள்.

இதற்கிடையே கையை நீட்டவேண்டிய காரணமே மறைந்துபோயிற்று. 1913-இல் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ் அமைத்த புதிய குழாயில் வாயு அநேகமாக அடியோடு நீக்கப்பட்டிருந்தது. பழுக்கக் காய்ந்த டங்ஸ்டன் இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டன. கிரணத்தின் அளவை இழையின் சூட்டினாலும், அதன் வலிமையை மின்னழுத்தத்தினாலும், ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே நிர்ணயிக்க முடிந்தது. நேற்று எடுத்தது போலவே இன்றும் எடுக்கலாம் என்ற நிச்சயம் அப்போதுதான் பிறந்தது. எண்களை அறிந்தவன் கையை மடக்கி வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பின்னர்தான் திறமை என்பது குழாயின் குணத்தை அறிவதிலிருந்து நோயாளியின் உடலை அறிவதற்கு மாறியது. அமெரிக்காவில் எட் ஜெர்மன் என்பவர், கருமை, வேறுபாடு, நுட்பம், உருத்திரிபு என்ற நான்கு அம்சங்களைப் பிரித்துக் காட்டி, நல்ல படத்துக்கு இலக்கணம் கூறினார். லண்டனில் கேத்லீன் கிளார்க் 1939-இல் வெளியிட்ட பெருநூல், ஒவ்வோர் எலும்புக்கும் உறுப்புக்கும் நோயாளியை எப்படிக் கிடத்துவது, நிறுத்துவது, திருப்புவது என்று புகைப்படங்களோடு விவரித்தது. மார்பை எடுப்பது போன்ற சாமானியமான காரியத்தையே பாருங்கள். நோயாளியின் மார்பு பிலிமைத் தொடும்படி நிறுத்துவது இருதயம் பிலிமுக்குக் கிட்டியிருந்து நிழல் பெருகாமல் இருப்பதற்காக. குழாயை ஆறடி தள்ளி வைப்பதும் அதற்காகவே. புறங்கைகளை இடுப்பில் ஊன்றி முழங்கைகளை முன்னால் தள்ளச் சொல்வது, தோள்பட்டை எலும்புகள் நுரையீரலின்மேல் விழாமல் விலகுவதற்காக. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது, உதரவிதானம் இறங்கி நுரையீரலின் அடிப்பாகமும் புலப்படுவதற்காக. இருமலால் குலுங்கும் முதியவரையும், பயந்து அழும் குழந்தையையும், காலைத் தொட்டாலே அலறும் விபத்து நோயாளியையும் இதே நியமத்துக்குள் அரை நொடி இருத்துவதற்கு வேண்டிய சாந்தமான குரலை எந்த நூலும் கற்றுக்கொடுக்கவில்லை. இந்தத் தொழிலின் மிக உயர்ந்த திறமை அதுதான் என்பது என் துணிபு.

1920-இல் லண்டனில், எக்ஸ்ரே எடுப்பவர்களான ரேடியோகிராபர்களின் சங்கம் அமைந்தது; அவ்வாண்டிலேயே சிகாகோவிலும் ஒன்று தோன்றியது. ஆனால் லண்டன் சங்கம் சில ஆண்டுகளிலேயே ஒரு பெரும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது: படம் எடுப்பவர் அப்படத்தைப் படித்து அபிப்பிராயம் கூறலாகாது என்ற வைத்தியர்களின் வற்புறுத்தலுக்கு அது இணங்கியது. நோயாளியின் நன்மையைக் கருதியே இவ்வாறு செய்ததாகச் சொல்லப்பட்டாலும், இருபது ஆண்டுகளாக நிழல்களைப் பார்த்துத் தேர்ந்தவர்களின் வாயை அடைத்தது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. பிரிட்டனில் தனிப்பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்கள் இன்று அதே வேலையை அங்கீகாரத்தோடு செய்துவருகிறார்கள்.

ஆபத்து கிரணங்களில் மட்டும் இருக்கவில்லை. போர்க்காலத்தில் பெல்ஜியத்துக் கண்ணாடி வரத்து நின்றுபோகவே, கனத்த கண்ணாடித் தட்டுகளுக்குப் பதிலாக நைட்ரேட் பிலிம் பரவியது. அது எளிதில் தீப்பற்றும் பொருள். 1929 மே 15-ஆம் தேதி கிளீவ்லண்டில் ஒரு வைத்திய நிலையத்தின் அடித்தளத்தில் சேமித்திருந்த எக்ஸ்ரே பிலிம்கள் எரிந்து எழுப்பிய விஷப்புகையால் 123 பேர் மாண்டார்கள். தீப்பற்றாத பிலிம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே விற்பனைக்கு வந்திருந்தது. கிரணங்களின் ஆபத்தைத் தடுப்பதற்கோ, சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்புக் குழு ஒன்று 1928-இல் ஸ்டாக்ஹோமில் தோன்றியது. நம்முடைய சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில், காப்டன் பார்னார்டின் பெயரால் வழங்கும் கதிரியல் நிலையம் 1934-இல் எழுந்தபோது, எண்களும் ஈயத் திரைகளும் உள்ள தொழிலாக இது உருப்பெற்றிருந்தது.

ஹாம்பர்கில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் 1936 ஏப்ரல் 4-ஆம் தேதி திறக்கப்பட்ட நினைவுக்கல்லில், இந்தக் கிரணங்களால் உயிரிழந்த, 15 நாடுகளைச் சேர்ந்த 169 பேருடைய பெயர்கள் பொறிக்கப்பட்டன. 1959-இல் அத்தொகை 359 ஆயிற்று. வைத்தியர்களோடு தொழில்நுட்பப் பணியாளர்களையும் தாதிகளையும் ஒரே வரிசையில் வைத்து வணங்கிய அந்தக் கல்லைப் போல வேறொன்றை நான் அறியேன்.

இப்போது பிலிமும் இருட்டறையும் போய்விட்டன. பிலிம் இருந்தவரை, கிரணம் மிகுந்தால் படம் கறுத்துப்போகும். எடுத்தவருடைய பிழை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். டிஜிட்டல் முறையிலோ, மிகுதியான கிரணத்தையும் கணிப்பொறி சரிக்கட்டி அழகிய படமாகவே காட்டுகிறது. குறைந்தால்தான் படத்தில் புள்ளிகள் தோன்றிக் குறைசொல்ல நேர்கிறது. அதனால் நோயாளிக்குக் கொடுக்கும் அளவு ஒருவரும் அறியாமலே ஏறிக்கொண்டு போவதைக் கண்டு, 2008-இல் ஒரு சர்வதேச நியமம் வகுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கிரணத்தின் அளவைக் குறிக்கும் எண் திரையில் தோன்றும்படி செய்தார்கள். படத்தைப் படிக்கும் வைத்தியர் அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது அபூர்வம். அதைப் பார்த்து, அடுத்த நோயாளிக்கு அளவைக் குறைத்து வைக்கக்கூடியவர் எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவரே.