மண்ணை ஒட்டிய கம்பி

வானொலியின் தொடக்கக் காலத்தில் ஆன்டெனாவின் சிறப்பு அதன் உயரத்தால் அளக்கப்பட்டது. அலைகளை அனுப்புவதற்கு உயரம் துணைசெய்கிறது என்பது மெய்யே. ஆனால் அனுப்பும் கம்பியே கேட்பதற்கும் ஏற்றது என்ற எண்ணம், முதல் உலகப்போர்க் காலம்வரை கேட்கும் கலையின் வளர்ச்சியைத் தடுத்தே வந்தது. நீண்ட அலைநீளங்களில், தொலைவில் எங்கோ இடிக்கும் மின்னல்கள் எழுப்பும் இரைச்சல், பெறவேண்டிய குறிப்பைக் காட்டிலும் வலுவாக வந்து விழுந்தது. ஆன்டெனாவைப் பெரிதாக்கினால் இரண்டும் சேர்ந்தே பெருகின. ஆகவே தேவைப்பட்டது கூடுதல் வலிமையன்று, குறிப்புக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதத்தை உயர்த்தும் வழி.

அவ்வழியை மண்ணில் தேடியவர்களில் முன்னோடி, மேரிலாந்து மாநிலத்தின் ஹயட்ஸ்வில்லில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹாரிஸ் ராஜர்ஸ். உறையிட்ட கம்பிகளை அகழியில் புதைத்து அவற்றின் வழியே அவர் தொலைதூரச் செய்திகளைக் கேட்டார். அமெரிக்கக் கடற்படையும் போரின்போது அம்முறையைப் பயன்படுத்தியது. அலைகள் நிலத்தினூடே பயணம் செய்கின்றன என்று அவர் கொண்ட விளக்கம் பின்னர் நிலைபெறவில்லை. எனினும் புதைத்த கம்பியில் இரைச்சல் தணிந்தது என்ற கண்டறிதல் உண்மையானது. விளக்கம் பிழைபட்டதைக் காட்டி அதைக் கண்டவரையே வரலாறு ஓரத்தில் நிறுத்திவிட்டது நியாயமன்று.

சரியான விளக்கம் மெயின் மாநிலத்தில் பிறந்த பொறியாளர் ஹெரால்டு பெவரேஜின் ஆய்விலிருந்து வந்தது. அவருடைய ஆன்டெனாவுக்கு 1921-இல் காப்புரிமை கிடைத்தது. செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1923-இல் வெளியாயிற்று. நிலம் முழுமையான மின்கடத்தியாக இல்லாததால், அதன்மேல் செல்லும் அலையின் அடிப்பகுதி பின்தங்கி, அலைமுகப்பு முன்னோக்கிச் சாய்கிறது. அச்சாய்வினால் நிலத்துக்கு இணையாக நீண்டு கிடக்கும் கம்பியில் மின்னோட்டம் பிறந்து, அலையோடு கூடவே நகர்ந்து, கம்பியின் நெடுகிலும் வலுப்பெற்று ஏற்பியைச் சேர்கிறது. எதிர்த்திசையிலிருந்து வருவதோ கம்பியின் மறுமுனைக்குச் சென்று, அங்கே நிலத்தோடு இணைக்கப்பட்ட மின்தடையில் கரைந்துபோகிறது. லாங் ஐலண்டிலுள்ள ரிவர்ஹெட்டில் 9 மைல் நீளத்துக்கு இத்தகைய கம்பி அமைக்கப்பட்டது. ஐரோப்பியச் செய்திகள் அங்கு வடகிழக்கிலிருந்தும் இடிமின்னல் இரைச்சல் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் வந்தமையால், திசை அறிந்து கேட்கும் இக்கருவி அவ்விடத்துக்கு மிகவும் பொருந்திற்று.

வணிக நிலையங்களுக்கு உரியதாயிருந்த இம்முறை, அமெச்சூர் வானொலியாளர் கைக்கு வந்தது 1921 டிசம்பரில். அவ்வாண்டின் முற்பகுதியில் நடந்த அட்லாண்டிக் கடப்புச் சோதனை தோற்றிருந்தது. பெரும் நிறுவனங்கள் நீண்ட அலைகளையே நம்பியிருந்த நிலையில், பயனற்றவை என ஒதுக்கப்பட்டு அமெச்சூர்களுக்கு விடப்பட்ட ஏறத்தாழ 200 மீட்டர் அலைகள் கடலைக் கடக்குமா என்பதே கேள்வி. அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் வானொலியாளர் பால் காட்லியை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிற்று. ஆர்ட்ராசன் என்ற கடலோர ஊரில், குளிரிலும் மழையிலும், வயலில் ஒரு கூடாரமடித்து, சுமார் 1300 அடி நீளக் கம்பியை 12 அடிக் கம்பங்களின்மேல் இழுத்துக் கட்டி அவர் கேட்டார். மார்க்கோனி நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் சாட்சியாக உடனிருந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில் ஆறு அமெச்சூர்கள் கூடி நிறுவிய 1பிசிஜி நிலையம் அனுப்பிய வாழ்த்துச் செய்தி, முழுமையாக அங்கே பெறப்பட்டது. காட்லியின் ஏற்பி, எட்வின் ஆம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த சூப்பர்ஹெட்டரோடைன் வகையைச் சேர்ந்தது; அந்த ஆறு பேரில் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். வெற்றியின் புகழ் அனுப்பிய நிலையத்துக்கே மிகுதியாகப் போய்ச் சேர்ந்தாலும், தாழ்ந்த கம்பியும் நுண்ணிய ஏற்பியும் இன்றி அச்செய்தி கேட்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

பின்னாளில் 160 மீட்டர் அலைப்பட்டையில் தொலைதூரத் தொடர்பு நாடியவர்கள் இம்மரபை உயிரோடு வைத்திருந்தனர். நீண்ட கம்பிக்குப் போதிய இடம் கிடைக்காதபோது அதைத் தரையிலேயே கிடத்தும் வழக்கம் பரவிற்று. மண்ணைத் தொட்டுக் கிடக்கும் கம்பியில் மின்னோட்டத்தின் வேகம் வெகுவாகக் குறைவதால், அதன் நீளத்தை விருப்பம்போல் கூட்ட முடியாது. 160 மீட்டருக்குச் சுமார் 60 முதல் 70 மீட்டர் போதும். குறிப்பு மிக மெலிந்து வரும், முன்பெருக்கி ஒன்று வேண்டியிருக்கும். இரைச்சல் அதனினும் மெலிந்து வருவதால், கோபுரத்தில் அனுப்பித் தரையில் கேட்பதே அப்பட்டையில் பலரின் வழக்கமாயிற்று.