பழவேற்காடு சொல்லும் பாடம்: ஆராதனை எதற்காக?



"ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறோமே, எதற்காக?" என்று கேட்டால் நம்மில் பலர் சட்டென்று பதில் சொல்ல மாட்டோம். "வழக்கம்", "மன நிம்மதி", "அம்மா சொன்னாங்க" என்று ஏதாவது சொல்வோம். இந்தக் கேள்விக்கு வேதபண்டிதர்கள் எழுதிய பதில்கள் நிறைய உண்டு. ஆனால் நம் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் ஒரு ஏரிக்கரையின் சரித்திரமும் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது.

பழவேற்காடு ஏரியைச் சுற்றி எத்தனையோ மீனவக் கிராமங்கள். சுண்ணாம்புக்குளம் அந்தப் பகுதி ஊர்களில் ஒன்று. பேரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது பாருங்கள்! சிமெண்ட் வராத காலத்தில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான் நம் கடற்கரைக் கட்டடங்களுக்கெல்லாம் காரை. கோட்டைக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். ஆனால் சுவரை நிறுத்துகிற சுண்ணாம்பு ஆராதனையை நிறுத்துமா?

16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். அங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515-ல் தொடங்கியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற போதகர் 1632 முதல் 1642 வரை அங்கே ஊழியம் செய்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1651-ல் லெய்டன் நகரில் வெளியாகி ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது.

கோட்டைக்குள் ஜெபமும் சங்கீதமும் பிரசங்கமும் ஒழுங்காக நடந்தன. ஆனால் அதே நூற்றாண்டில், அதே துறைமுகத்திலிருந்து, பஞ்சத்திலும் போரிலும் நொந்துபோன நம் கரையோர மக்கள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். உள்ளே பாட்டு, வெளியே சங்கிலி! அநியாயம் செய்கிற ஜனத்தின் பண்டிகையும் பாட்டும் தேவனுக்கு அருவருப்பு என்று ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னது இதைத்தான். ஆராதனை முறைப்படி நடந்ததா என்று பார்த்தால், நடந்தது. அதன் நோக்கம் நிறைவேறியதா? இல்லை.

நூறு வருஷம் கழித்து இதே ஊர் வேறொரு காட்சியைப் பார்த்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்தார்கள். அங்கே ஊழியம் செய்துவந்த ஜெர்மன் லுத்தரன் மிஷனரி பிலிப் பபிரிஷியசுக்கு ஆலயமும் கைவிட்டுப் போயிற்று, வீடும் போயிற்று. அவர் அடைக்கலம் தேடி வந்தது டச்சுக்காரர்களின் பழவேற்காட்டுக்குத்தான். சொந்த ஆலயம் இல்லாவிட்டால் என்ன, ஊழியம் நின்றுவிடவில்லை. 1758-ல் லாலியின் படை மதராசை முற்றுகையிட்டபோதும் அவருக்கு இடம் கொடுத்தது இதே ஊர்தான்.

இதற்கு நடுவே 1749-ல் மதராஸ் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. கப்புசின் துறவிகளிடமிருந்த வேப்பேரி ஆலயத்தை ஆங்கிலேயர் எடுத்து மிஷனுக்குக் கொடுத்தார்கள். இவர்களுக்கு அது வரவு, அவர்களுக்கு இழப்பு. கட்டடம் கை மாறும்; அதுதான் அதன் சுபாவம். பபிரிஷியஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772-ல் வேப்பேரியில் அச்சேறியது. அந்தப் பாட்டுகளில் பல இன்றைக்கும் நம் சபைகளில் ஒலிக்கின்றன. எந்த மலை, எந்த ஊர் என்பது முக்கியமல்ல, ஆவியோடும் உண்மையோடும் தொழுவதே முக்கியம் என்று இயேசு சமாரியப் பெண்ணிடம் சொன்னதற்கு இது நல்ல சாட்சி.

அப்படியானால் ஆராதனை எதற்காக? தேவனை மகிமைப்படுத்தத்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம் பாட்டைக் கேட்டுத்தான் அவர் பெரியவர் ஆகப்போகிறார் என்பதில்லை. அவரை முதலிடத்தில் வைக்கும்போது நாமும் நம் பணமும் பதவியும் தானாகவே கீழே இறங்குகிறோம். பக்கத்தில் நிற்கிறவன் சரக்காகத் தெரியாமல் சகோதரனாகத் தெரிகிறான். தமிழில் 'வழிபாடு' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. வழிப்படுதல், அதாவது ஒருவர் வழியில் நடப்பது. கும்பிட்டுவிட்டு வேறு வழியில் போனால் அது வழிபாடு ஆகுமா?

கெல்டிரியா கோட்டை இன்று இடிபாடாகக் கிடக்கிறது. அத்தனை கெட்டியான சுண்ணாம்புக் காரையும் அதைக் காப்பாற்றவில்லை. தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் பெரிய பெரிய வேலைகளில் உட்காருவீர்கள். உங்களிடம் கூலி வாங்குகிறவரையும், உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறவரையும் எப்படி நடத்துகிறீர்களோ, ஞாயிறு ஆராதனையின் அளவுகோல் அதுவே. திங்கட்கிழமை காலையில்தான் அது தெரியும்.

நம் கல்லூரியும் நம் நட்பும் இந்த வழியில் நிலைத்திருக்க இறைவன் அருள்புரிவாராக.