சோழவரத்தில் லாரி மேல நின்னு பார்த்த ரேஸ்

நேரம் கிடைக்கும்போது படிங்க மக்களே, கொஞ்சம் நீளமான இழை. இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்ல. நம்ம ஊர் ரேஸ் மைதானத்தோட கதை. ஆனா ஆரம்பிச்ச இடம் என்னவோ கேஷுவாலிட்டிதான்.

சில வாரங்களுக்கு முன்னால ஒரு ஞாயிறு, விடியற்காலை நாலரை மணி. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில விழுந்த ஒரு பையனை 108-ல கொண்டு வந்தாங்க. வயசு 19. வலது தொடை எலும்பு முறிஞ்சிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சது. நான் காலுக்குத் தாமஸ் ஸ்ப்ளின்ட் கட்டிக்கிட்டு இருக்கேன், அவன் கேக்குறான்: "சார், வண்டிக்கு ஒண்ணும் ஆகலல்ல?"

கூட வந்த நண்பன் அவசரமா சொன்னான்: "ரேஸ்லாம் இல்ல சார், சும்மா டைம் பாத்தோம்."

"டைம் பாக்கத்தான் இருங்காட்டுக்கோட்டைல டிராக் இருக்கேடா"ன்னேன். "அங்கல்லாம் எங்களை யாரு சார் உள்ள விடுவா?"ன்னான். வீடு நசரத்பேட்டை. பைக்ல அரை மணி நேரத்துக்குள்ள இருக்கிற டிராக். ரெண்டு பேரும் ஒரு நாள்கூட அங்க போய் ரேஸ் பார்த்ததில்ல. ரேஸ் அன்னைக்குப் பார்வையாளர்கள் போகலாம்னே தெரியாது.

டியூட்டி முடிச்சு வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். அவர் அம்பத்தூர் எஸ்டேட்ல டர்னரா இருந்து ரிட்டையர் ஆனவர். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "நாங்கல்லாம் சோழவரத்துல லாரி மேல ஏறி நின்னு பார்த்தோம்டா"ன்னு ஆரம்பிச்சார். அந்தப் பேச்சுதான் இந்த இழை.

செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா போற சாலையில இருக்கு சோழவரம். அங்க இருந்தது ரேஸுக்காகப் போட்ட டிராக் இல்ல, விமான ஓடுபாதை. இரண்டாம் உலகப் போர் சமயத்துல போட்டது.

1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் கடல் வழியா வந்துடுவான்னு பயந்து மெட்ராஸே காலியாச்சு. குண்டு விழுந்தா கூண்டு உடைஞ்சு தப்பிச்சிடும்னு மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம், புலியையெல்லாம் சுட்டே போட்டாங்க. நகரத்தைச் சுத்தி விமானத் தளங்கள் முளைச்சது அந்தப் போர்க் காலத்துலதான். செங்குன்றம் ஏரித் தண்ணியிலயே கேட்டலினா விமானங்கள் இறங்கி ஏறிச்சு. பக்கத்துல ஆவடி பெரிய ராணுவக் கிடங்கு ஆச்சு.

போர் முடிஞ்சதும் சோழவரத்துல விமானம் இல்ல, ஓடுபாதை மட்டும் மிச்சம். 1953-ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கினாங்க. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் இந்து சந்தோக். அவரோட பேரன் கருண் சந்தோக் 2010-ல ஃபார்முலா 1 ஓட்டினார். அந்த வெறும் ஓடுபாதையில வைக்கோல் கட்டையும் டிரம்மையும் வெச்சு வளைவு பண்ணி ரேஸ் விட ஆரம்பிச்சாங்க.

இது ஏதோ நம்ம ஊர் ஏழ்மைன்னு நினைச்சுடாதீங்க. இங்கிலாந்தோட சில்வர்ஸ்டோனும் இதே கதைதான். 1943-ல குண்டு வீச்சு விமானப் பயிற்சிக்காகத் திறந்த தளம் அது. 1948-ல அதே ஓடுபாதையில வைக்கோல் கட்டு வெச்சு கிராண்ட் பிரீ நடத்தினாங்க. 1950 மே 13, ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப்போட முதல் ரேஸ் நடந்ததும் அங்கதான். அமெரிக்காவோட செப்ரிங்கும் பழைய ராணுவ விமானத் தளம்தான். அவங்க அந்த இடத்தை வளர்த்துக்கிட்டே போனாங்க. சோழவரம் கிளப்போட சொந்த இடம் இல்ல. வருஷா வருஷம் கொட்டகை போட்டு, ரேஸ் முடிஞ்சதும் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போகணும்.

இனி அப்பா சொன்னது.

பொங்கல் முடிஞ்சு பிப்ரவரி வாக்குல ரேஸ் வரும். எஸ்டேட்ல ஒரு வாரம் முன்னாடியே பேச்சு ஆரம்பிச்சிடும். லேத் பட்டறைக்காரங்க, மெக்கானிக்குங்க, டயர் கம்பெனிக்காரங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை விடிய முன்னாடி கிளம்பிடுவாங்க. அம்பத்தூர்ல இருந்து செங்குன்றம் ரோடு புடிச்சு சைக்கிள்லயே போனவங்க உண்டு. அப்பா குரூப் ஒரு பட்டறை லாரில போச்சு. புளிசாதம், தண்ணிக் குடம், வெயிலுக்குத் துண்டு.

லாரி எதுக்குன்னா, ஓடுபாதை சமதரை. மேடு பள்ளம் கிடையாது. முதல் வரிசையில நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும், மூணாவது வரிசைக்காரனுக்கு முன்னாடி நிக்கிறவன் முதுகுதான் தெரியும். அதனால லாரி மேல, வேன் மேல, சவுக்குக் கம்பு மேலன்னு ஏறி நின்னாங்க. மேல ஏறிட்டா மைதானத்துல பாதி கண்ணுக்குள்ள வந்துடும். தூரத்துல வண்டி புள்ளியா கிளம்பி, பெருசாகி, முன்னாடி தாண்டி, கடைசித் திருப்பத்துல பிரேக் போட்டுப் புழுதி கிளப்புற வரைக்கும் பார்க்கலாம். "டிவில இப்ப காட்டுறானே, ஒரு செகண்டுக்கு ஒரு கேமரா, அது இல்லடா. ஒரே வண்டியை நாமளே கண்ணால இழுத்துக்கிட்டுப் போவோம்"னார்.

ஓடினது என்ன வண்டி? புல்லட், ஜாவா, ராஜ்தூத். ரோட்டுல ஓடுற ஃபியட், ஹெரால்டு. இலங்கையில இருந்தும் வீரர்கள் வந்து ஓட்டினாங்க. 80-கள்ல விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா 1 காரை சோழவரத்துல ஓட்டினார். அது தாண்டிப் போனப்போ நெஞ்சுக்கூடு அதிர்ந்துச்சுன்னு அப்பா இன்னைக்கும் நெஞ்சுல கை வெச்சுக் காட்டுவார்.

ஆனா அப்பா குரூப்போட ஹீரோ கோயம்புத்தூர் கரிவரதன். பெரிய மில் குடும்பம், ஆனா கையில கிரீஸ் ஒட்டின ஆளு. 80-களோட கடைசியில மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒத்தை சீட்டு ரேஸ் காரை இங்கயே கட்டினார். வெளிநாட்டுக் காரை இறக்குமதி பண்ண வசதி இல்லாத பசங்களும் ஃபார்முலா ரேஸுக்குள்ள வர முடிஞ்சது அதனாலதான். 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். கோவை செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு. "நாங்க பட்டறையில தட்டுற தகரத்தையே அவரும் தட்டுறார்னு எங்களுக்கு ஒரு பெருமை"ன்னார் அப்பா.

இதையெல்லாம் கேக்கும்போது எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா டாக்டர் புத்தி வேற ஒண்ணைக் கணக்குப் போட ஆரம்பிச்சது.

வேகம் ரெண்டு மடங்கானா வண்டியோட ஆற்றல் நாலு மடங்கு ஆகும். மூணு மடங்கானா ஒன்பது. 150-ல வர்ற கார் தடம் மாறினா அதைத் தடுக்கிற சக்தி வைக்கோல் கட்டுக்குக் கிடையாது, அதுக்குப் பின்னாடி இருக்கிற மனுஷ உடம்புக்குச் சுத்தமா கிடையாது. 1955 ஜூன் 11, பிரான்ஸ்ல லெ மான் ரேஸ். ஒரு மெர்சிடிஸ் முன்னாடி போன கார் மேல ஏறி, துண்டு துண்டாகிக் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சது. பார்க்க வந்தவங்க 80 பேருக்கு மேல செத்தாங்க. சுவிட்சர்லாந்து தன் நாட்டுல டிராக் ரேஸையே தடை பண்ணிடுச்சு. உலகம் பூரா பார்வையாளர்களைப் பின்னாடி தள்ளினது அந்தச் சாவுகள்தான். வேலி, மண் மேடு, சரளைப் படுக்கை, அதுக்கும் பின்னாடி கேலரி.

நம்ம ஊருக்கு அது 1990-ல வந்துச்சு. கிளப் இருங்காட்டுக்கோட்டையில சொந்தமா டிராக் கட்டித் திறந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டினது இங்கதான். 2005-ல ஃபார்முலா 1 ஓட்டின முதல் இந்தியர் ஆனார். நம்ம அஜித்தும் இங்க ஓட்டினவர். 1996-க்கு அப்புறம் ஹூண்டாய் வந்து அந்த ஏரியாவே தொழிற்சாலை ஊராச்சு.

நான் எம்பிபிஎஸ் படிக்கும்போது ஹாஸ்டல் பசங்களோட அங்க போயிருக்கேன். பூந்தமல்லில பஸ் மாறி, நெடுஞ்சாலையில இறங்கி, வெயில்ல நடை. உக்காந்த இடத்துல இருந்து ஒரு நேர்கோடும் ஒரு வளைவும் தெரிஞ்சது. கார் வரும், போயிடும். அடுத்த சுத்துக்குள்ள ஒரு கதை பேசி முடிச்சிடுவோம். யார் முன்னாடி இருக்காங்கன்னு மைக்ல சொன்னாத்தான் தெரியும். பாதுகாப்பு நூறு, சுவாரசியம் அம்பதுன்னு அன்னைக்கு மார்க் போட்டோம்.

இப்போ அந்த மார்க்கை நான் அவ்வளவு சுலபமா போட மாட்டேன். காரணம் 1978 செப்டம்பர், இத்தாலியோட மோன்சா. ரோனி பீட்டர்சன்னு ஒரு வீரர். ஸ்டார்ட்லயே விபத்து, கால் எலும்புகள் பல இடத்துல முறிவு. நினைவோடதான் இருந்தார். ஆம்புலன்ஸ் வரக் கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஃபார்முலா 1 டாக்டர் சிட் வாட்கின்ஸ், மூளை நரம்பு அறுவை நிபுணர், ஓடி வந்தவரைப் போலீஸ் தடுத்து நிறுத்தினாங்க. மறுநாள் காலைல பீட்டர்சன் இறந்தார். காரணம் ஃபேட் எம்போலிசம். பெரிய எலும்பு உடைஞ்சா உள்ளே இருக்கிற மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரல், மூளையை அடைக்கலாம். கால்தானே உடைஞ்சிருக்கு, பேசிக்கிட்டுத்தானே இருக்கான்னு அலட்சியமா இருக்கக் கூடாதுன்னு நாங்க சொல்றது இதனாலதான். தொடையை முதல் நிமிஷமே அசையாம கட்டணும்.

அதுக்கப்புறம் வாட்கின்ஸ் அடம் பிடிச்சார். டிராக்லயே மயக்க மருந்து நிபுணர், ஹெலிகாப்டர், முதல் சுத்துல கார்களுக்குப் பின்னாடியே ஓடுற மெடிக்கல் கார். ஹெலிகாப்டர் பறக்க முடியலன்னா இன்னைக்கும் ஃபார்முலா 1-ல பெரும்பாலும் வண்டியை வெளிய விட மாட்டாங்க. இவ்வளவு இருந்தும் சாவு நின்னுடல. 2023 ஆகஸ்ட்ல நம்ம இருங்காட்டுக்கோட்டையிலயே பைக் ரேஸ்ல 13 வயசுப் பையன் ஒருத்தன் இறந்தான். டிராக்ல போனா ஒண்ணும் ஆகாதுன்னு உங்ககிட்ட நான் சொல்லவே மாட்டேன். ஆனா அங்க எதிர்ல தண்ணி லாரி வராது. விழுந்த உடனே பக்கத்துல டாக்டர் இருப்பார். ரோட்டுல விழுந்தவனை யாராவது பார்த்து 108-க்குப் போன் பண்ணணும்.

(இடையில ஒரு தகவல். சாலை விபத்துன்னா, முதல் 48 மணி நேர சிகிச்சை தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம் திட்டத்துல இலவசம். 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. திட்டத்துல சேர்ந்த தனியார் மருத்துவமனையிலயும் உண்டு. காசைப் பத்தி யோசிச்சு நேரத்தை விட்டுடாதீங்க.)

அப்புறம் 2024 வந்துச்சு. தீவுத்திடலைச் சுத்தி, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை வழியா 3.5 கிலோமீட்டர், ராத்திரி ரேஸ். 2023 டிசம்பர்ல நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால தள்ளிப் போய் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல நடந்துச்சு. பக்கத்துல மருத்துவமனைகள் இருக்கே, வழியும் சத்தமும் என்ன ஆகும்னு கோர்ட்ல கேள்வி வந்தது நியாயமான கேள்வின்னுதான் நினைக்கிறேன். அரசியலுக்குள்ள போகல. அப்பா அதைப் போன்லதான் பார்த்தார். பஸ்ல போற பாலத்து மேல ரேஸ் கார் ஓடுறதைப் பார்த்து அசந்துட்டார். "இவ்ளோ கிட்ட கொண்டு வந்துட்டாங்க, நடுவுல இவ்ளோ பெரிய சுவரு"ன்னார். அந்தச் சுவரும் வேலியும் இல்லாம அங்க ரேஸ் விடவே முடியாதுப்பான்னேன். தலையாட்டினார், ஒத்துக்கல.

சோழவரம் காலத்துல ரோட்டுல யாரும் ரேஸ் விடலன்னு நான் கதை கட்டல. விட்டாங்க, செத்தாங்க. அப்போ பைக் குறைவு, வேகமும் குறைவு. கூட்டத்தைப் பின்னாடி தள்ளினதும் சரிதான். எனக்கு இருக்கிற வருத்தம் வேற. பின்னாடி தள்ளினவங்களுக்கு இடம் இருக்குன்னு சொல்ல ஆளில்லாம போச்சு. டிவிஎஸ், ஹோண்டா மாதிரி கம்பெனிகள் புதுப் பசங்களைத் தேர்ந்தெடுத்து ஓட விடுற போட்டிகள் அதே டிராக்ல நடக்குது. நசரத்பேட்டை பையனுக்கு அது தெரியல. அப்பா காலத்துல டர்னருக்குக்கூட தெரிஞ்சிருந்தது. ரேஸ் அன்னைக்கு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட்ல ஒரு போர்டும் டிராக் வாசல் வரைக்கும் ஒரு பஸ்ஸும் இருந்தா எவ்வளவு செலவு ஆகிடப் போகுது?

பையனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில தொடைக்குள்ள கம்பி வெச்சாங்க. போன வாரம் வாக்கரோட ரிவ்யூவுக்கு வந்தான். அடுத்த ரேஸ் தேதி பார்த்துச் சொல்றேன், சேர்ந்து போலாம்னு சொல்லியிருக்கேன். அப்பாவும் வர்றாராம். அங்க லாரி நிறுத்த விடுவாங்களான்னு ரெண்டு தடவை கேட்டுட்டார்.